இரண்டு வருடமாகச் சொறிந்த லாப்ரடார்: ஒரு நிகழ்வு ஆய்வு

ப்ரூனோ ஆண் லாப்ரடார், நான்கு வயது. சென்னையின் தென்புறநகரில் ஒரு தனி வீட்டில் வளர்கிறான். பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருப்பான். காலையும் மாலையும் தெருவில் ஒரு நடை. ஒரு ஜூன் மாதத்தில் எங்கள் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிவந்தபோது எடை 38 கிலோ. அரிப்பு தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஊசி, மாத்திரை, ஷாம்பூ, பவுடர், வேப்பெண்ணெய், வெவ்வேறு கம்பெனித் தீவனம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். எதுவுமே கேட்கவில்லை என்பது வீட்டாரின் வருத்தம்.

பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. பல மருந்துகள் கேட்டிருக்கின்றன, ஆனால் அரைகுறையாக. ஒவ்வொரு முறையும் ஊசி, ஆன்டிபயாடிக், ஷாம்பூ, தீவன மாற்றம் எல்லாம் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது. அதனால் எது எவ்வளவு குறைத்தது, எது திரும்ப வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட நாய்கள் நம் ஊரில் ஏராளம். ‘தோல் கேஸ், தீராது’ என்று எழுதிவைக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றை விலக்கிவிட்டு, பொறுத்திருந்து, மிச்சம் எவ்வளவு என்று அளந்தால்தான் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். ப்ரூனோவிடம் அதை முழுமையாகச் செய்ய முடிந்தது, அந்த வீட்டார் ஒத்துழைத்ததால். அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன்.

வீட்டார் சொன்னது

அரிப்போடு வரும் நாயைத் தொடுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முதலில் அரிப்பு வந்ததா, புண் வந்ததா? ப்ரூனோவை வளர்க்கும் அம்மா யோசித்துச் சொன்னார்: “ஆரம்பத்துல தோல்ல ஒண்ணுமே இல்ல டாக்டர். சும்மா உக்காந்து முன்னங்கால நக்கிட்டே இருப்பான். அப்புறம்தான் காது, அப்புறம் வயிறு.” இந்தப் பதிலில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. வெறும் தோலில் அரிப்பு முந்தி வந்து, சிவப்பும் கொப்புளமும் பிந்தி வந்தால் ஒவ்வாமையின் பக்கம் சந்தேகம் சாய வேண்டும். புண் முந்தி வந்து அரிப்பு பிந்தினால் கிருமி, பூஞ்சை, பூச்சி என்று தேட வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசியின் கதை. முதல் ஊசி போட்டபோது இரண்டு மாதம் வரை அரிப்பே இல்லை. பிறகு ஒரு மாதம் தாங்கியது, கடைசியில் பத்து நாள். ஊசிக்கு நன்றாகக் கேட்பதும் ஒவ்வாமையின் அடையாளம்தான். வரவரக் கேட்காமல் போனதென்றால், ஸ்டீராய்டு அடக்க முடியாத ஏதோ ஒன்று, பெரும்பாலும் கிருமியோ பூஞ்சையோ, மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசி ஊசி போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அது ஒருவகையில் நல்லதாயிற்று. மருந்து மூடாத தோலைப் பார்க்க முடிந்தது. தினமும் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாயாக இருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தியிருக்க முடியாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு தாங்காது.

தண்ணீர் நிறையக் குடிக்கிறான், இரவில் ஒன்றுக்குப் போக எழுப்புகிறான், எப்போதும் பசி என்றார்கள். இவை ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள். எடை கூடியதற்கும் அதில் பங்கு உண்டு. ரத்தத்தில் ஏஎல்பி என்சைம் உயர்ந்திருந்தது. நாய்களில் ஸ்டீராய்டு அதை உயர்த்தும். தைராய்டு பார்க்கலாமா என்று மகன் கேட்டார். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது தைராய்டு ஹார்மோனான டி4இன் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், அதனால் இப்போது வேண்டாம் என்றேன்.

சாப்பாடு: காலையில் கடைத் தீவனம், இரவில் சோறும் பிராய்லர் கோழியும். இடையில் மேரி பிஸ்கட், தயிர் சாதம், பால். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. வேறு நாய், பூனை இல்லை.

அரிப்புக்கு ஒரு மதிப்பெண் கேட்பது எங்கள் வழக்கம். பூஜ்ஜியம் என்றால் இயல்பு, பத்து என்றால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டுச் சொறிவது. அந்த அம்மா எட்டு என்றார். நடுராத்திரியில் பின்னங்கால் தரையில் டக் டக் என்று அடிக்கும் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும் என்றார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் இரவு அந்த மதிப்பெண்ணை எழுதச் சொன்னேன். இந்தச் சிகிச்சை முழுவதிலும் எனக்கு மிகவும் உதவிய கருவி அந்த நோட்டுதான்.

மேசையில் பார்த்தது

முன்னங்கால்களின் விரலிடுக்கில் முடி துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. எச்சில் ஊறி ஊறி வெளிர் முடி அப்படி ஆகும். இரண்டு விரல்களை விரித்தால் நடுவே ஈரமும் சிவப்பும் பழுப்பு நிறப் பிசுக்கும். நகத்தின் அடிப்பாகமும் பழுப்பு. அக்குளைத் தூக்கிப் பார்த்தால் முடி உதிர்ந்து, தோல் தடித்து, சாம்பல் கலந்த கருப்பாக மடிப்பு விழுந்திருந்தது. அருகில் குனிந்தால் ஒரு கனத்த, புளித்த வாடை. அடிவயிற்றில் சிறு சிறு சீழ்க் கொப்புளங்கள், அவை உடைந்து போன இடங்களில் ஓரம் உரிந்த வட்டங்கள். இந்த வட்டங்களைப் படர்தாமரை என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பாக்டீரியா வேலை. காது மடலின் உட்புறம் சிவந்து சூடாக இருந்தது. வலது காதில் கருமெழுகு.

பாதிக்கப்படாத இடங்களையும் குறித்துக்கொண்டேன். காது மடலின் ஓரம் சுத்தமாக இருந்தது. முழங்கை, பின்னங்கால் கணுவும் அப்படியே. முதுகின் பின்பகுதியிலும் வால் அடியிலும் முடி அடர்த்தியாக இருந்தது. வால் அடியில்தான் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை முதலில் காட்டும். காது ஓரமும் முழங்கையும் சொறிச் சிற்றுண்ணியான சார்காப்டிஸுக்குப் பிடித்த இடங்கள்.

ஒவ்வாமை நாயை அடையாளம் காண ஃபாவ்ரோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மூன்று வயதுக்குள் தொடக்கம், வீட்டுக்குள் வாழ்வு, ஸ்டீராய்டுக்குக் கேட்கும் அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் பூஞ்சை, முன்னங்கால், காது மடல் பாதிப்பு, காது ஓரமும் பின்முதுகும் பாதிக்கப்படாமல் இருப்பது என எட்டு அம்சங்கள். ஐந்து பொருந்தினால் ஒவ்வாமைத் தோல்நோயாக இருக்கும் வாய்ப்பு நல்ல அளவில் உண்டு. அப்படிப்பட்ட நாய்களில் சுமார் 85 சதவீதத்தை அது பிடித்துவிடும். மற்ற நாய்களில் ஐந்தில் ஒன்றைத் தவறாகவும் சேர்த்துக்கொள்ளும். ப்ரூனோவுக்கு எட்டும் பொருந்தின. ஆனால் இந்தப் பட்டியலை வைத்து உணவு ஒவ்வாமையையும் தூசு, மகரந்தம் முதலான சூழல் ஒவ்வாமையையும் பிரிக்க முடியாது. இரண்டும் தோலில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் பட்டியல் பொருந்தியதுமே மாத்திரை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் பூச்சி

தெள்ளுச் சீப்பால் வாரி, விழுந்ததை ஈர வெள்ளைக் காகிதத்தில் தட்டினோம். கருந்துகள் இரண்டு, ஈரம் பட்டதும் சிவப்பாகக் கசிந்தன. அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். பூச்சி கண்ணில் படவில்லை. ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடி போதும், அதனால் எண்ணிக்கை குறைவு என்று விட்டுவிட முடியாது.

தோலை ஐந்தாறு இடங்களில் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். முடிக்குழிக்குள் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணிக்காக முடிகளைப் பிடுங்கியும் பார்த்தோம். நீண்ட காலம் ஸ்டீராய்டு வாங்கிய வளர்ந்த நாய்க்கு டெமோடெக்ஸ் கிளம்பும், இதைத் தவறவிடக் கூடாது. சார்காப்டிஸ், டெமோடெக்ஸ் இரண்டுமே தென்படவில்லை. காது ஓரத்தை விரலால் தேய்த்தபோது பின்னங்கால் ஆடவில்லை. சார்காப்டிஸ் இருந்தால் பெரும்பாலும் ஆடும். ஆனாலும் சார்காப்டிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது இருக்கும் நாய்களில்கூடச் சுரண்டலில் பாதிக்கு மேல் அகப்படுவதில்லை. அதனால் மருந்து கொடுத்தே விலக்குவது பாதுகாப்பு.

ஃப்ளூரலானர் 1000 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொடுத்தோம். 20 முதல் 40 கிலோ வரை உள்ள நாய்க்கு அந்த அளவு. தெள்ளுக்கும் உண்ணிக்கும் பன்னிரண்டு வாரம் காக்கும், சார்காப்டிஸையும் அடிக்கும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்களுக்கு இந்த மருந்துக் குடும்பத்தை யோசித்துத்தான் தர வேண்டும். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. ப்ரூனோவுக்கு அப்படி எதுவும் இல்லை. இன்னொரு கணக்கும் இருந்தது. பூச்சி மாத்திரைகள் பலவற்றில் இறைச்சிச் சுவை சேர்க்கிறார்கள். உணவுச் சோதனையின் நடுவே அதைக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். இப்போதே கொடுத்துவிட்டால் வரும் பன்னிரண்டு வாரமும் கவலை இல்லை.

இந்த இடத்தில் ஐவர்மெக்டின் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொறிகிற நாய் என்றாலே அந்த ஊசி என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 மரபணுவில் குறை இருக்கும். அவற்றுக்கு அதிக அளவு ஐவர்மெக்டின் மூளையில் சேர்ந்து உயிரையே எடுக்கலாம். பாதுகாப்பான மாற்று மருந்துகள் கைக்கெட்டும் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட வேண்டிய தேவையே இல்லை.

கிருமியும் பூஞ்சையும்

விரலிடுக்கில் ஒளிபுகும் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, டிஃப்-குவிக் சாயத்தில் தோய்த்துப் பார்த்தோம். நிலக்கடலை போல இடுப்பு ஒடுங்கிய ஊதா நிற உருவங்கள், பார்வைப் பரப்பு முழுவதும். மலசீசியா என்னும் ஈஸ்ட். எல்லா நாய்த் தோலிலும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் எண்ணெய்ப் பசையும் வீக்கமும் கூடினால் பெருகிவிடும். வயிற்றுக் கொப்புளத்தில் எடுத்த ஸ்லைடில் வெள்ளணுக்களுக்குள் வட்ட வடிவப் பாக்டீரியா. நாய்த் தோலில் இது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். இரண்டுமே தாங்களாகவே கடும் அரிப்பைத் தரக்கூடியவை. ஸ்டீராய்டு பத்து நாளைக்கு மேல் தாங்காமல் போனதற்கு விளக்கம் இங்கே கிடைத்தது.

வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. பழைய சீட்டுகளில் ஏற்கெனவே பல சுற்று செஃபலெக்சின் எழுதப்பட்டிருந்தது. மெதிசிலின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் நாய்களிடம் பெருகிவரும் காலம் இது. மேல்தோலோடு நிற்கும் தொற்றுக்கு முதலில் வெளிப்பூச்சு மருத்துவம் போதும் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். கேட்காவிட்டால் கல்ச்சர் எடுத்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்குத் தேவை வரவில்லை.

2 சதவீதம் குளோர்ஹெக்சிடின், 2 சதவீதம் மைகோனசோல் சேர்ந்த ஷாம்பூவில் வாரம் இருமுறை குளியல். இங்கே முக்கியம் ஷாம்பூவின் பெயர் அல்ல, அது தோலில் நிற்கும் நேரம். பத்து நிமிடம் நுரை அப்படியே இருக்க வேண்டும். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டு சினிமாப் பாட்டு ஓடி முடியட்டும் என்று சொல்லியிருந்தேன். முன்பும் இதே போன்ற ஷாம்பூதான் போட்டிருக்கிறார்கள், போட்டதும் அலசியிருக்கிறார்கள். அலசிய பிறகு துவட்டுவதும் மருந்தில் சேர்த்திதான். சென்னைக் காற்றின் ஈரத்தில் லாப்ரடாரின் உள்முடி தானாகக் காயாது. விரலிடுக்கு, அக்குள், தொடை இடுக்கு மூன்றையும் துண்டால் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே உட்கார வைக்கச் சொன்னோம். நடைக்குப் போய்வந்ததும் கால்களை அலசித் துடைப்பது. காதுக்குத் தனிச் சொட்டு மருந்து. செவிப்பறை முழுதாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான்.

வேப்பெண்ணெயை நிறுத்தச் சொன்னபோது பாட்டிக்கு வருத்தம். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் ஏற்கெனவே பிசுக்கேறிய தோலில் எண்ணெய் தடவினால் மருந்து ஷாம்பூ உள்ளே இறங்காது, நாய் அதை நக்கியும் விடும். மண்ணெண்ணெயும் வண்டிக் கழிவு ஆயிலும் தடவிக் கொண்டுவரப்படும் நாய்களையும் பார்த்திருக்கிறேன். அவை விஷம், தோல் வெந்துவிடும்.

மூன்றாவது வாரம் டேப்பில் ஈஸ்ட் அநேகமாக இல்லை. கொப்புளம் காய்ந்துவிட்டது. வாடை போயிற்று. நோட்டில் எட்டு என்பது ஐந்தாகியிருந்தது. வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்த மிச்ச ஐந்துதான் முக்கியமாகப் பட்டது. பூச்சியும் இல்லை, கிருமியும் அடங்கிவிட்டது, ஆனாலும் கால் நக்குகிறான் என்றால் அடியில் இன்னொன்று இருக்கிறது.

எட்டு வார உணவுச் சோதனை

வீட்டில் ஏற்கெனவே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து வைத்திருந்தார்கள். எந்தெந்த உணவு அலர்ஜி என்று நீண்ட பட்டியல், அதில் அரிசியும் உருளைக்கிழங்கும்கூட. நாய்களின் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ரத்தமோ எச்சிலோ முடியோ எதை வைத்துச் செய்யும் சோதனையும் நம்பத்தக்கது அல்ல. நல்ல ஆரோக்கியமான நாயின் ரத்தத்தை அனுப்பினாலும் ஏதாவது பட்டியல் வரும். ஒரே வழி, நாய் இதுவரை சாப்பிடாத புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பது, அல்லது புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்த ஹைட்ரோலைஸ்டு தீவனம். எட்டு வாரம் சரியாகச் செய்தால் உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம் தெரியும் என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டு ‘சாப்பாடு காரணம் இல்லை’ என்று முடிவுகட்டுவதில் அர்த்தம் இல்லை.

கடையில் ‘மீன்’ என்றோ ‘ஆட்டிறைச்சி’ என்றோ எழுதி விற்கும் சாதாரணத் தீவனம் இதற்கு உதவாது. பையில் எழுதாத புரதங்கள் பலவற்றில் கலந்திருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஹைட்ரோலைஸ்டு தீவனம் நல்ல வழி, ஆனால் 38 கிலோ நாய்க்கு இரண்டு மாதம் வாங்குவது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. வீட்டுச் சமையல் என்று முடிவானது. ப்ரூனோ கோழி, முட்டை, ஆடு, மீன், பால் எல்லாம் பார்த்தவன். மாட்டிறைச்சியும் எலும்புத் துண்டுகளாக எப்போதோ வந்திருக்கிறது. காடை, வான்கோழி எல்லாம் கோழிக்கு நெருங்கிய சொந்தம், அதனால் வேண்டாம். மிச்சம் முயலும் பன்றியும். முயல் கறி தடையின்றிக் கிடைக்காது. பன்றி கிடைக்கும்.

அங்கே ஒரு சிக்கல். அந்த வீட்டுச் சமையலறையில் பன்றி இறைச்சி ஏறியதில்லை. பாட்டி நேராகவே சொன்னார்: “என் அடுப்புல அது வேணாம் டாக்டர். ஆனா அவன் சாப்பிடட்டும்.” பின்கட்டில் துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, தனிக் குக்கர், தனிக் கரண்டி என்று மகன் ஏற்பாடு செய்துவிட்டார். கொழுப்பை வெட்டியெடுத்த இறைச்சியை நன்றாக வேகவைத்து, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோடு எடைபோட்டுக் கொடுப்பது. உப்பு, மசாலா, எண்ணெய் எதுவும் இல்லை. கொழுப்பை எடுக்காவிட்டால் கணையம் வீங்கும் ஆபத்து. இது முழுமையான சத்துணவு அல்ல, ஆனால் வளர்ந்த நாய்க்கு இரண்டு மாதத்துக்குக் கெடுதல் செய்யாது. குட்டிகளுக்கு இப்படிக் கொடுக்கக் கூடாது.

தண்ணீரும் இதுவும் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பிஸ்கட் இல்லை, மெல்லும் குச்சி இல்லை, மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் வெண்ணெய்த் துண்டும் இல்லை. மீனெண்ணெய் மாத்திரைகளையும் நிறுத்தினோம். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். வேலைக்கு வரும் அக்காவையும் வரச் சொன்னேன், ஏனென்றால் காலையில் அவனுக்குப் பிஸ்கட் போடுவது அவர்தான்.

முதல் வாரக் கடைசியில் மகன் போன் செய்தார். ப்ரூனோ தினமும் காலையில் மொட்டை மாடிக்கு ஓடுகிறானாம். பின்னாலேயே போய்ப் பார்த்தால், பாட்டி கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைக்கும் சாதம், நெய்யும் பருப்பும் கலந்தது, அதை எட்டி நக்கிக்கொண்டிருக்கிறான். யாரும் தவறு செய்யவில்லை. அது நாய்க்கு வைத்த சோறு என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். காக்கைச் சாதம் தண்ணீர்த் தொட்டியின் மேல்தளத்துக்கு இடம் மாறியது. எட்டு வாரக் கணக்கை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். உணவுச் சோதனை தோற்றுப்போன வீடுகளில் இப்படி ஒரு வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பூனைக் கிண்ணம், குழந்தையின் நாற்காலிக்கு அடியில் சிந்திய இட்லி, வாட்ச்மேன் கொடுக்கும் பன். நாய் போகும் வழியில் ஒரு நாள் முழுக்கக் கூடவே நடந்தால் தெரிந்துவிடும்.

அரிப்பு தாங்க முடியாத நாய்களுக்குச் சோதனையின் முதல் சில வாரம் ஓக்லாசிட்டினிப் போன்ற அரிப்படக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு நிறுத்திப் பார்க்கலாம். ப்ரூனோவுக்கு அதில்லாமலே ஓட்டினோம். குளியலைத் தொடர்ந்தோம், வாரம் ஒரு முறை. நான்காவது வாரம் வரை ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. வீட்டாருக்குச் சலிப்பு தட்டியது அப்போதுதான். ஆறாவது வாரத்தில் மூன்று. எட்டாவது வாரம் இரண்டரை. அக்குளில் கருப்புத் தோல் மெலிந்து, பொடி முடி முளைத்திருந்தது. எடை 34 கிலோ.

கோழியைத் திரும்பக் கொடுத்தது

இந்தக் கட்டத்தில் பெரும்பாலான வீடுகள் நின்றுவிடுகின்றன. குறைந்துவிட்டதே, எதற்குத் திரும்பவும் வம்பு என்பார்கள். ஆனால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்க்காமல் உணவுதான் காரணம் என்று சொல்ல முடியாது. எட்டு வாரத்தில் பருவமும் மாறியிருக்கிறது, குளியலும் சேர்ந்திருக்கிறது. தவிர, எந்த உணவு என்று தெரியாமல் ஒரு நாயை ஆயுள் முழுக்கப் பன்றியும் கிழங்கும் தின்ன வைப்பது நியாயமும் அல்ல.

மற்றதெல்லாம் அப்படியே இருக்க, வேகவைத்த கோழி மட்டும் சேர்த்தோம். இரண்டு வாரம் வரை பார்ப்பதாகத் திட்டம். மூன்றாம் நாள் நோட்டில் நான்கு. ஐந்தாம் நாள் ஆறு; காது மடல் சிவந்து, விரலிடுக்கு ஈரமாகிவிட்டது. அன்றே நிறுத்தினோம். பத்து நாளில் பழையபடி இரண்டரைக்கு இறங்கியது. இதைவிடத் தெளிவான விடை எந்த ஆய்வகத்திலிருந்தும் வராது.

பிறகு ஒவ்வொன்றாக: தயிரும் பாலும், கோதுமை, முட்டை, அரிசியும் பருப்பும். எதற்கும் அரிப்பு ஏறவில்லை. கோழிக்கு ஆகாத நாய்க்கு முட்டை ஒத்துக்கொள்வதுண்டு, இரண்டின் புரதமும் வேறு. 2016இல் வெளியான தொகுப்பாய்வு உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களில் எது எத்தனை சதவீதத்துக்கு ஆகவில்லை என்று எடுத்துப் பார்த்தது: மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. நம் ஊரில் நாய்க்கு இறைச்சி என்றாலே பிராய்லர் கோழிதான், தீவனப் பையிலும் பெரும்பாலும் அதுவே, அதனால் கோழியை நான் முதலில் சந்தேகிப்பேன். தயிர் சாதம் போடலாம் என்று சொன்னபோது பாட்டி அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மிச்சமிருந்த அரிப்பு

இரண்டரை என்பது இயல்பான நாயைவிடச் சற்று அதிகம். அதைக் குறித்துவைத்துக் காத்திருந்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வீட்டுக்குள் ஈரம் ஏறியதும், கோழி ஒரு துண்டுகூடப் படாமலேயே, நோட்டில் ஐந்து. டேப் எடுத்துப் பார்த்தோம். ஈஸ்ட் மிகக் கொஞ்சம், அது இந்த அளவு அரிப்பைத் தராது. தெள்ளுக் காப்பு நடப்பில் இருந்தது. எல்லாவற்றையும் விலக்கிய பிறகு எஞ்சிய இதுதான் சூழல் ஒவ்வாமை, அட்டோபிக் டெர்மடைடிஸ். வீட்டுத் தூசுச் சிற்றுண்ணி இதில் முக்கியக் குற்றவாளி, அது ஈரக் காற்றில் பெருகும்.

ஒரே நாய்க்கு உணவு ஒவ்வாமையும் சூழல் ஒவ்வாமையும் சேர்ந்து இருப்பது அபூர்வம் அல்ல. தோல் ஓரளவு தொந்தரவைப் பொறுத்துக்கொள்ளும். கோழி, தூசு, ஈஸ்ட், தெள்ளு எல்லாம் கூடி அந்த எல்லையைத் தாண்டும்போது நாய் சொறிகிறது. கோழியை நீக்கியதால் மழை தொடங்கும்வரை எல்லைக்குக் கீழே நின்றான். மழை வந்ததும் தூசு மட்டுமே தள்ளிவிட்டது.

இப்போதுதான் மாத்திரைக்கு இடம் வந்தது. ஓக்லாசிட்டினிப், ஆபோகுவெல் என்ற பெயரில் கிடைப்பது, 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரிப்புச் சேதியை நரம்புக்குக் கொண்டுபோகும் இன்டர்லூகின்-31 முதலானவற்றின் வேலையைத் தடுக்கிறது. 34 கிலோவுக்கு 16 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. முதல் பதினான்கு நாள் காலையும் மாலையும், பிறகு ஒரு வேளை. இரண்டாம் நாளே கால் நக்குவது குறைந்தது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள நாய்க்கும், தீவிரத் தொற்றோ புற்றுநோயோ உள்ள நாய்க்கும் இது கூடாது. டெமோடெக்ஸைக் கிளப்பவும் கூடும், அதனால் முதலில் தோலைச் சுரண்டிப் பார்த்தது இங்கே பயன்பட்டது. சைக்ளோஸ்போரின் இன்னொரு வழி. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளால் நாய்களின் அரிப்பு பெரிதாக அடங்குவதில்லை. குறுகிய காலத்துக்கு, சரியான அளவில், பிரட்னிசோலோன் இன்றைக்கும் நல்ல மருந்துதான். காரணத்தைத் தேடாமல் அதையே ஊசி மேல் ஊசியாகப் போட்டு இரண்டு வருடம் ஓட்டியதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

அவன் படுக்கும் பழைய பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, துவைக்கக்கூடிய விரிப்பைப் போட்டார்கள். வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி வெயிலில் காய வைக்கிறார்கள். மீனெண்ணெயைத் திரும்பத் தொடங்கினோம், மீனால் அரிப்பு வரவில்லை என்று பார்த்த பிறகு. அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இப்போது

அடுத்த வருட வெயிலில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பிறகு நிறுத்திவிட்டோம். நோட்டில் ஒன்றும் இரண்டுமாக ஓடியது. தண்ணீர் குடிப்பது இயல்பாகிவிட்டது, ஏஎல்பியும் இறங்கிவிட்டது. கோழி இல்லாத தீவனத்தைப் பை பையாகத் தேடிப்படித்து வாங்குகிறார் மகன்; ‘விலங்குக் கொழுப்பு’, ‘பறவை இறைச்சித் தூள்’ என்று மொத்தமாக எழுதியிருந்தால் வாங்குவதில்லை. வலது காது மட்டும் ஒரு முறை தொந்தரவு கொடுத்தது. கல்யாண வீட்டிலிருந்து வந்த பிரியாணி எலும்பைத் தெருவில் கவ்விவிட்டான், அந்த வாரத்தில்தான்.

நோயின் போக்கையே மாற்ற முயலும் சிகிச்சை ஒன்று உண்டு: தோலுக்குள் ஊசி போட்டு எந்தத் தூசு, எந்த மகரந்தம் என்று கண்டறிந்து, அதையே சிறு சிறு அளவில் மாதக்கணக்கில் செலுத்திப் பழக்குவது. பாதிக்குச் சற்று மேற்பட்ட நாய்களுக்கு அது நல்ல பலன் தருகிறது, ஆனால் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். மழைக்கால நான்கு மாதம் மட்டும் மாத்திரை போதும் என்றிருக்கும்வரை அது வேண்டாம் என்று வீட்டாரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அந்த நான்கு மாதம் ஏழெட்டாக நீண்டால் அந்த வழிக்குப் போவோம். அதுவரை, மழை தொடங்கும்போது முதலில் டேப், அடுத்து தெள்ளுச் சீப்பு, பிறகு நோட்டில் கடைசி இரண்டு வாரம். மாத்திரை அதற்கு அப்புறம்தான்.